ஏழு ஜாஸ்தி, ஒண்ணு கம்மி

கடுக்காம்பட்டில் யாரும் வெறுங்கையோடு மலை இறங்க மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, சாவு வீட்டுக்குப் போனாலும் சரி, தோளில் ஒரு மூட்டையோ கக்கத்தில் ஒரு பலாப்பழமோ இருக்க வேண்டும். வெள்ளிமலைக்கு அப்பால் ஏழு கிலோமீட்டர் உள்ளே கிடக்கிற ஊர். ஒரு நாளைக்கு இரண்டே நடை பஸ். கீழே போய் வருவதற்குள் ஒரு பகல் முழுசாகச் செத்துப்போகும். செத்த பகலுக்கு ஏதாவது கைக்கு வர வேண்டாமா என்பது அவர்கள் நியாயம்.

அதனால் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றைக்கும் மாதன் இரண்டு பலாப்பழத்தைச் சுமந்துகொண்டுதான் கச்சிராயபாளையத்தில் இறங்கினான். பழத்தைக் கடையில் போட்டுவிட்டு, இடுப்பில் பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குப் போனான். கடை வாசலில் தேர்த் திருவிழாக் கூட்டம். பிள்ளைகளும் பிள்ளைகளைப் பெற்றவர்களும் ஒருத்தர் தோளை ஒருத்தர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

அவன் முறை வந்தது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"பொறந்த தேதி?"

"அதுலயே போட்டிருக்கும் பாருங்க. அது வாத்தியாரு வச்ச தேதி. மெய்யா பொறந்தது சாம அறுப்புல."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

"பொண்ணா, பையனா?"

"சம்சாரம்ங்க."

அந்தப் பெண் அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தாள். மாதனுக்கு நாற்பத்தைந்து வயது. காதோரம் நரை. கால் பெருவிரல் நகத்தில் செம்மண் அடைந்து கிடந்தது. அவள் சிரிக்கவில்லை. நம்பரைத் தட்டி, வந்ததை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"தமிழ் அறுபத்திரண்டு. இங்கிலீஷ் முப்பத்தாறு. கணக்கு முப்பத்தஞ்சு. சயின்ஸ் நாப்பத்தொண்ணு. சோசியல் நாப்பத்தெட்டு."

மாதனுக்கு எழுத்துத் தெரியாது. எண் தெரியும். புளி நிறுத்து, கடுக்காய் நிறுத்து, எடைக்காரனின் கையையே பார்த்துப் பார்த்து வந்த எண் அது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு விரலை மடக்கினான். இரண்டு வருஷமாக அவன் வீட்டில் மாரியம்மன் பேரைவிட அதிகமாக உச்சரிக்கப்பட்டது முப்பத்தைந்து. ஐந்து விரலும் மடங்கியது. கணக்கு மட்டும் கோட்டின் மேலேயே நின்றது. மற்றதெல்லாம் தாண்டிவிட்டது.

"எல்லாம் தாண்டிச்சிங்களே?"

"காயிதம் எடுத்துக்குங்க அண்ணே. அடுத்தது யாரு?" என்றாள் அந்தப் பெண். பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டது. அதை இழுப்பதிலேயே அவள் கவனம் போய்விட்டது. எண்களுக்குக் கீழே ஒரு வரி இருந்ததை அவள் படிக்கவில்லை. மாதனுக்கு அது வரியென்றே தெரியாது.

பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அவன் ஒரு டீக்கடைக்காரரின் போனை வாங்கி அக்காள் பெருமாயிக்குப் போட்டான். பெருமாயியின் மகன் திருப்பூரிலிருந்து வாங்கிக் கொடுத்த போன், ஊர்ப் பாறையின் மேலே ஏறினால்தான் எடுக்கும். நல்ல வேளையோ கெட்ட வேளையோ, அன்றைக்குக் காலையிலிருந்து அவள் பாறையின் மேலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, பாசு."

"கணக்கு?"

"முப்பத்தஞ்சு. சரியா முப்பத்தஞ்சு."

"அடி ஆத்தா, உசுரு போய் உசுரு வந்துச்சி. நான் கோழி புடிக்கறன், நீ வா."

அப்புறம் பெருமாயி பாறையின் மேலிருந்தே ஊருக்குச் சொல்லிவிட்டாள்.

இத்தனை கோலாகலம் எதற்கென்றால், கடுக்காம்பட்டு பால்வாடியின் டீச்சர் வேலைக்கு. மாதனின் மனைவி வெள்ளச்சி அங்கே பதினான்கு வருஷமாக உதவியாளர். கஞ்சி காய்ச்சுவது, பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பது, கூட்டிப் பெருக்குவது அவள் வேலை. டீச்சர் வேலை பார்த்த குஞ்சம்மாள் சின்னசேலத்திலிருந்து வர வேண்டியவர். முட்டிவலிக்காரர். வாரத்துக்கு இரண்டு நாள் பஸ் ஏறினால் பெரிசு. மற்ற நாளெல்லாம் பாட்டுச் சொல்லிக்கொடுத்ததும், கணக்கு எழுதி வைத்ததும், பிள்ளைத்தாய்ச்சிகள் பெயரைப் பதிந்ததும் வெள்ளச்சிதான். குஞ்சம்மாள் வந்து கையெழுத்துப் போடுவார். "நீ பத்தாவது மட்டும் பாஸ் பண்ணிடு வெள்ளச்சி, நான் ரிட்டயர் ஆனா நீதான்" என்று வருகிற போதெல்லாம் சொல்லுவார். அவர் ஓய்வு பெற்று நான்கு மாதமாகிறது. வேலைக்கு விண்ணப்பம் கேட்டுவிட்டார்கள். பத்தாவது பாஸாக இருக்க வேண்டும், நாற்பது வயதைத் தாண்டக் கூடாது. வாத்தியார் வைத்த தேதிப்படி வெள்ளச்சிக்கு வருகிற ஆவணியில் நாற்பது முடிகிறது. கடைசித் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

முந்தைய ஐப்பசியில் ரோட்டில் மண் சரிந்து ஒன்பது நாள் பஸ் இல்லை. அந்த ஒன்பது நாளும் பால்வாடி அடுப்பு எரிந்தது. கீழேயிருந்து வருகிற ஆள் ஒருத்தி டீச்சரானால் எரியுமா என்று ஊருக்கே ஒரு பயம்.

எட்டாவதோடு நின்றவள் வெள்ளச்சி. தனியாகப் பரீட்சை எழுதுகிறவர்களும் அறிவியலுக்குச் செய்முறை வகுப்புக்கு வந்தே தீர வேண்டும் என்பதால், சனிக்கிழமை சனிக்கிழமை கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பதினைந்து வயதுப் பிள்ளைகளோடு நின்றுகொண்டு குழாயையும் லென்ஸையும் பிடித்தாள். அதில் அவளுக்கு ஒரு கிறுக்கே பிடித்துவிட்டது. ஒருநாள் நீலக் காகிதத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து புளித்தண்ணீரில் நனைத்து, சிவப்பாக மாறுவதை வீட்டுக்கே காட்டினாள்.

"இன்னாடி இது?" என்றாள் பெருமாயி.

"புளிப்பு இருந்தா செவக்கும் அண்ணி."

"புளி புளிக்குதான்னு பாக்கறதுக்கு கவுருமெண்டு காயிதம் குடுக்குதா? நாக்கு இன்னாத்துக்கு இருக்குது?"

அவள் படித்த இரண்டு வருஷமும் மாதன் அடுப்பில் களி கிண்டினான். ஊரில் ஆம்பிளைகள் விடுவார்களா? "இன்னா மாதா, இன்னிக்குக் கொழம்புல உப்பு ஜாஸ்தியா, கம்மியா?" என்று வழிமறித்துக் கேட்டார்கள். "நாளைக்கு வந்து நக்கிப் பாருடா" என்பான்.

பஸ் மலையேறி ஊர் எல்லைக்கு வந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. ஊரே வந்து நின்றது. ஊர்க்கவுண்டர் அம்மாசி புதுத் துண்டைப் போட்டுக்கொண்டு முன்னால் நின்றார். சாவடி ஓரம் சாமைச் சோறு வெந்து இறங்கியிருந்தது. மூன்று கோழி அறுத்திருந்தார்கள். மாரியம்மனுக்கு முதல் படையலும் ஆகிவிட்டது. வெள்ளச்சி பால்வாடியைப் பூட்டிவிட்டு, கையில் ஒட்டிய மாவோடு வந்தாள். மாதன் காகிதத்தை இரண்டு கையாலும் நீட்டினான்.

அவள் வாங்கிப் படித்தாள். மேலே தொடங்கிக் கீழ்வரைக்கும் பார்த்தாள். பிறகு அறிவியல் இருக்கிற இடத்துக்கு மறுபடி போனாள். அவள் கண் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"படிச்சிக் காட்டேன் தாயி" என்றார் அம்மாசி.

"மாமாவே சொன்னாரே கவுண்டரே. சயின்ஸு நாப்பத்தொண்ணு." காகிதத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகினாள். "சோறு ஆறிப்போவுது. பந்தி போடுங்க."

அவளே கரண்டியைப் பிடித்துப் பரிமாறினாள். அம்மாசி இரண்டாம் தரம் சோறு வாங்கிக்கொண்டு, "ஊரு சோறு தின்னாச்சி. இனிமே இவள ஆயான்னு கூப்புடக் கூடாது. டீச்சரு" என்று சபையில் சொல்லி வைத்தார். அந்த ஊரில் இப்படிச் சோறு தின்று சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்குகிற வழக்கமில்லை. நிச்சயம் செய்த பெண்ணைப் போலத்தான் அது. பெருமாயி தம்பியைப் பார்த்து, "இனிமே நிம்மதியா ஏரப் புடிடா, கரண்டி புடிச்சி கையே காச்சிப்போச்சி உனக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளச்சியும் சிரித்தாள். அவள் மட்டும் இலையில் உட்காரவில்லை என்பதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை.

கோடை மழை இரண்டு உழவு பெய்திருந்தது. மறுநாள் காலையில் மாதன் சரிவுக் காட்டில் ஏர் கட்டினான். கல்லும் மண்ணும் கலந்த காடு. கொழு கல்லில் மோதுகிற இடமெல்லாம் அவனுக்கு மனப்பாடம். வெள்ளச்சி கூழ்ச் சட்டியோடு வந்து வரப்பில் நின்றாள்.

"மாமா, ஏர நிறுத்து."

"இன்னும் ரெண்டு சுத்து இருக்குது."

"நிறுத்துன்னு சொல்றன்ல."

நிறுத்தினான். மாடுகள் மூச்சு விட்டன.

"நான் பாசு இல்ல."

அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. "காலங்காத்தாலயே வெளையாட்டா?"

அவள் இடுப்பிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்து, விரலை வைத்துக் காட்டினாள். "சயின்ஸுக்கு ரெண்டு மார்க்கு இருக்குது பாரு. இது பரீட்ச எழுதனது, பத்தொம்பது. இது செய்முற, இருபத்திரண்டு. ரெண்டும் சேத்துதான் நாப்பத்தொண்ணு."

"சரி. முப்பத்தஞ்ச தாண்டிச்சில்ல?"

"மொத்தம் தாண்டிச்சி. ஆனா எழுதனதுல இருபது வாங்கணும். செய்முறையில பதினஞ்சு வாங்கணும். தனித்தனியா."

"இதுல பத்தொம்பது."

"பத்தொம்பது."

மாதன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். காலில் ஒட்டியிருந்த மண்ணை இன்னொரு காலால் தேய்த்தான்.

"இது உனக்கு முன்னயே தெரியுமா?"

"தெரியும்."

"அப்பறம் ஏன்டி சொல்லல?"

"முப்பத்தஞ்சுன்னு ஒரு கோட்ட உனக்கும் உங்கக்காவுக்கும் சொல்லிப் புரிய வெக்கறதுக்கே ஒரு வருசம் ஆச்சி. அதுக்குள்ள இன்னும் ரெண்டு கோடு இருக்குதுன்னு எப்படிச் சொல்ல?" என்று சொல்லிவிட்டு, சட்டியைக் கீழே வைத்தாள். "தாண்டிடுவன்னு நெனச்சன்."

"நேத்து ஊரே நின்னுச்சே. அப்பவாச்சும் சொல்லி இருக்கலாமில்ல?"

"கோழி அறுத்தாச்சி, மாமா."

அவள் கூழை ஊற்றிக் கொடுத்தாள். அவன் வாங்கி மாட்டின் பக்கத்தில் வைத்துவிட்டு, கலப்பையைப் பிடித்தபடியே உட்கார்ந்தான். ஒரு மார்க் எவ்வளவு இருக்கும் என்று அவனுக்கு யோசனை ஓடியது. ஒரு கிலோவை அவன் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவான். ஒரு படி சாமை எத்தனை பேருக்கு ஆகும் என்று சொல்லுவான். இது எதுவாகவும் இல்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினார்கள். பெருமாயி தலையில் ஒரு பலாப்பழத்தோடு பின்னாலேயே ஓடிவந்தாள். மாதன் வாங்கவில்லை. "வெறுங்கையோட போறியேடா" என்று அவள் பஸ் திரும்புகிற வரைக்கும் கத்திக்கொண்டே நின்றாள்.

வெள்ளச்சி செய்முறை படித்த பள்ளிக்கூடத்தில் ராணியம்மாள் என்கிற எழுத்தர் இருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"அட, நீயா? வா வா. அந்த லிட்மஸ் காயிதம் கேட்டு வாங்கிக்கினு போனியே, அந்த மலைக்காரம்மா தானே?"

"ஆமாங்க மேடம்."

"ஒக்காரு. நீங்களும் ஒக்காருங்க." காகிதத்தை வாங்கிப் பார்த்தார். பார்த்ததும் உச்சுக் கொட்டினார். "அய்ய. ஒண்ணுல போச்சே."

மாதன் உட்காரவில்லை. கேட்க வேண்டியதைப் பஸ்ஸிலேயே கோத்துக்கொண்டு வந்திருந்தான்.

"மேடம், நான் படிக்காதவன். தப்பா கேட்டா மன்னிச்சுக்கங்க. செய்முறைக்குப் பதினஞ்சு போதும்ன்றீங்க. இவ இருபத்திரண்டு வாங்கி இருக்கா. அப்ப அங்க ஏழு ஜாஸ்தி. இங்க ஒண்ணு கம்மி. அந்த ஏழுல ஒண்ண எடுத்து இங்க போட்டா, அங்கயும் கொறயல, இங்கயும் நெறஞ்சிடும். மொத்தமும் அதே நாப்பத்தொண்ணுதான். கவுருமெண்டுக்கு ஒரு மார்க்கு நஷ்டமில்ல."

ராணியம்மாள் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அவனை ஒரு தரம் பார்த்தார்.

"நீங்க சொல்றது ஞாயந்தாங்க. எனக்கே ஞாயமாத்தான் படுது. ஆனா அது நான் போடறதுமில்ல, எங்க ஹெச்.எம். போடறதுமில்ல. வெளிய எங்கயோ திருத்தி, கம்ப்யூட்டர்ல ஏத்திடறாங்க."

"அந்தக் கம்ப்யூட்டருக்கு மேல யாராச்சும் இருப்பாங்க இல்லீங்க?"

"இருப்பாங்க. அவங்ககிட்ட போனா ரூல்ஸு இருக்குதுன்னுவாங்க. ரூல்ஸு யாருகிட்ட இருக்குதுன்னு கேட்டா எனக்கும் தெரியாது. முப்பது வருசமா இந்த நாற்காலில ஒக்காந்துக்கினு இருக்கறன், நான் ஒரு ஆளையும் பாத்ததில்ல."

"பேப்பர மறுபடி திருத்தச் சொல்லலாங்களா?" என்று வெள்ளச்சி கேட்டாள்.

"திருத்த மாட்டாங்கம்மா. கூட்டிப் பாப்பாங்க. கூட்டல்ல தப்பிருந்தா வரும். எழுதித் தரேன், போடலாம்." ராணியம்மாள் குரலைத் தாழ்த்தினார். "இல்லன்னா ஆனியில துணைத் தேர்வு வருது. அது ஒண்ண மட்டும் எழுதினா போதும். நீ கண்ண மூடிக்கினு பாஸ் பண்ணுவ."

"ரிசல்ட்டு எப்ப மேடம்?"

"ஆடி கடைசில."

வெள்ளச்சி தலையாட்டினாள். கடைசித் தேதி வைகாசியில் முடிகிறது. ஆவணியில் நாற்பது. அவள் அதைச் சொல்லவில்லை. மாதன்தான் சொன்னான். ராணியம்மாள் கேட்டுக்கொண்டே மேசை மேலிருந்த பேனாவைத் திறந்து மூடி, திறந்து மூடி வைத்தார். பிறகு ஆளனுப்பி இரண்டு டீ வரவழைத்தார்.

"இருபத்திரண்டு வாங்கனவ எழுதறதுல எப்படிம்மா விட்ட? கடைசி கேள்வி எழுதினியா?"

வெள்ளச்சி டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டு, "நேரம் பத்தலீங்க மேடம்" என்றாள்.

மாதன் கையிலிருந்த டீ அப்படியே நின்றது.

பஸ் ஸ்டாண்டில் மலை பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். வெயில் ரோட்டுத் தாரை உருக்கியது. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. மாதன் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். சயின்ஸ் பரீட்சையன்றைக்கு அவன் இரண்டு மூட்டை புளி ஏற்றினான். எப்படியும் போகிறோம், சும்மாவா போவது என்றுதான் ஏற்றினான். கச்சிராயபாளையத்தில் மூட்டையை மேலிருந்து இறக்கும்போது ஒன்று அவிழ்ந்து கொட்டிவிட்டது. கண்டக்டர் கத்தினார். புளியை வாரிக் கட்டி, கடை ஆளிடம் தள்ளிவிட்டு அவன் ஏறுவதற்குள் பஸ் பத்து நிமிஷம் நின்றது. அந்தப் பத்து நிமிஷத்தில் சர்க்கரை ஆலைக்குப் போகிற டிராக்டர் வரிசை ரோட்டில் ஏறிவிட்டது. பஸ் அதன் பின்னாலேயே ஊர்ந்தது. பள்ளிக்கூட வாசலில் இறங்கி அவள் ஓடினாள். பூட்டப்போன கேட்டில் நுழைந்ததை அவன் பார்த்தான். உள்ளே விட்டுவிட்டார்கள், அது போதும் என்று நினைத்துக்கொண்டு அவன் டீ குடிக்கப் போனான்.

"எத்தினி நிமிசம் வெள்ளச்சி?"

அவளுக்கு எதைக் கேட்கிறான் என்று தெரிந்தது. "அத வுடு."

"எத்தினின்னு சொல்லு."

"இருவத்தஞ்சு இருக்கும்."

"அந்தக் கடைசிக் கேள்வி தெரியுமா உனக்கு?"

"மாமா."

"தெரியுமா, தெரியாதா?"

"செய்முறையில பாத்ததுதான். லென்ஸு." அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "புளி வித்துதான பரீட்சைக்குப் பணமே கட்டனம். நீ இன்னா வேணும்னா பண்ண? எங்க அப்பன் இருந்தாலும் மூட்டையத்தான் ஏத்தி இருப்பான். நானே ஒரு கை புடிச்சித் தூக்கி விட்டன் இல்ல."

அது உண்மைதான். அவள்தான் ஒரு முனையைப் பிடித்தாள். ஆனாலும் அதற்கப்புறம் பஸ் வந்து, ஏறி, கோமுகி அணையைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி மேலே போகிற வரைக்கும் அவன் அவள் பக்கம் திரும்பவில்லை. அவளும் விட்டுவிட்டாள். கொஞ்ச தூரம் போனதும் தூக்கத்தில் அவள் தலை அவன் தோளில் சாய்ந்தது. அவன் தோளை அசைக்காமல் வைத்துக்கொண்டான். அதை மட்டும்தான் அவனால் செய்ய முடிந்தது.

ஊருக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். சாவடியில் மாதன் நின்றுகொண்டு சொன்னான். முதலில் யாருக்கும் பிடிபடவில்லை.

"நாப்பத்தொண்ணு முப்பத்தஞ்ச விடக் கம்மியா?" என்றார் அம்மாசி.

"ஜாஸ்திதான் கவுண்டரே."

"ஜாஸ்தி வாங்கனவ எப்படிடா பெயிலு? எவனாவது உன்ன ஏமாத்தி இருப்பான்."

மாதன் மறுபடி சொன்னான். ஒரு குத்து மொச்சையை அள்ளி இரண்டு குவியலாகப் பிரித்து வைத்துக் காட்டினான். பெருமாயி ஒரு குவியலிலிருந்து ஒரு மொச்சையை எடுத்து மற்றதில் போட்டாள். "இப்ப சரியாப் போச்சி" என்றாள்.

"அத போடக் கூடாதாம்க்கா."

"யாரு சொன்னது?"

"யாருன்னு அந்த ஆபீசுலயே தெரியல."

அம்மாசி வெகுநேரம் அந்த இரண்டு குவியலையும் பார்த்தார். பிறகு, "மாரியாத்தாளுக்குப் படையல் போட்டாச்சி. ஊரு சோறு தின்னாச்சி. எங்களுக்கு அவதான் டீச்சரு. மனு எழுது" என்றார். எழுதவும் ஆள் வெள்ளச்சியேதான். தனக்காகத் தானே எழுத அவளுக்குக் கூச்சமாக இருந்தது. 'எங்கள் ஊரைச் சேர்ந்த வெள்ளச்சி என்பவர்' என்று யாரோ மூன்றாம் மனுஷியைப் பற்றி எழுதுவதுபோல எழுதினாள். ஊரில் நூற்றுப் பதினேழு பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் வரிசையில் நின்று கொடுத்தார்கள். அங்கே இருந்த அதிகாரி நல்ல மாதிரி. முழுசும் படித்தார். "பாக்கறோம்மா" என்றார். ஒரு மாதம் கழித்து பதில் வந்தது: கல்வித் தகுதி இல்லாததால் பரிசீலிக்க இயலவில்லை. அதற்கு ஒரு வாரம் முன்னால் கூட்டிப் பார்த்ததற்கும் பதில் வந்திருந்தது: மாற்றம் இல்லை.

வெள்ளச்சி ஆனியில் அந்த ஒரு பரீட்சையை எழுதினாள். எழுத்தில் அறுபது வாங்கினாள். ஆடிக் கடைசியில் பாஸ் என்று காகிதம் வந்தது. இந்தத் தரம் யாரும் கோழி பிடிக்கவில்லை. அவள் அதைத் துணிப்பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டு, பால்வாடிக்குக் கஞ்சி காய்ச்சப் போய்விட்டாள்.

ஆவணி பிறந்து புது டீச்சர் வந்தாள். ஊரே ஒரு முடிவோடு இருந்தது. கீழேயிருந்து வருகிறவளுக்குக் குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுப்பதில்லை என்று பெருமாயி சொல்லியிருந்தாள். ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கியவள் கீழ்நாட்டுக்காரியாக இல்லை. பெயர் செவ்வந்தி. இருபத்தாறு வயது இருக்கும். பிறந்தது இங்கேயே, இரண்டு மலை தாண்டிச் சேராப்பட்டுப் பக்கம். வாழப்போனது கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில். புருஷன் மூட்டை தூக்குகிறவன். முந்தின வருஷம் ஆனியில் அந்த விஷச் சாராயச் சாவில் போனவன். அம்மா வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். புருஷனை இழந்தவள் என்பதால் முன்னுரிமையில் வேலை கொடுத்திருந்தார்கள். ஒரு தோளில் பை, இன்னொரு தோளில் மூன்று வயதுப் பெண் குழந்தை. வளைவில் வாந்தி எடுத்து எடுத்துக் குழந்தை துவண்டு கிடந்தது.

பெருமாயி அந்தக் குழந்தையைப் பார்த்தாள். அப்புறம் வீட்டுக்குள் போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

மாதனுக்கு மட்டும் மனசு இறங்கவில்லை. யார் மேல் கோபப்படுவது என்று இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தவன் அவன். கம்ப்யூட்டர் கடைப் பெண் இல்லை, ராணியம்மாள் இல்லை, கலெக்டர் ஆபீஸ்காரர் இல்லை. கடைசியில் ஒருத்தி வருவாள், அவள் மேல் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தான். அவளைப் பார்த்துவிடுவதென்று, ஒரு கட்டு விறகைச் சாக்காகத் தூக்கிக்கொண்டு பால்வாடிக்குப் போனான்.

உள்ளே எடை போடுகிற நாள். உத்தரத்தில் தராசு தொங்கியது. வெள்ளச்சி பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூளியில் உட்கார வைத்து எடையைச் சொன்னாள். செவ்வந்தி நாற்காலி நுனியில் உட்கார்ந்து நோட்டில் எழுதினாள். எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று தடுமாறும்போதெல்லாம் வெள்ளச்சி பேனாவைத் தொடாமல் விரலை மட்டும் வைத்துக் காட்டினாள்.

"அவ்ளோதானா அக்கா?"

"உம் புள்ள?"

"அவளையுமா?"

"இந்த ஊர்ல இருந்தா இந்த ஊருப் புள்ளதான. பேரு இன்னா?"

"கொளஞ்சி."

வெள்ளச்சி குழந்தையை வாங்கித் தூளியில் வைத்தாள். அது அழக்கூட இல்லை. முள் ஆடி நின்றது.

"பத்து கிலோ நானூறு."

செவ்வந்தி எழுதினாள். பிறகு வளர்ச்சி அட்டையில் மூன்று வயதைத் தேடி, பத்து நானூறைத் தேடி, புள்ளி வைக்கப் போய் நிறுத்தினாள். பேனா முனை அட்டைக்கு மேலேயே நின்றது.

"அக்கா, இது கோட்டுக்குக் கீழ வருதே."

"ஆமா. நானூறு கிராம் கம்மி."

"அப்ப இவள..." அவள் தூளியைப் பார்த்தாள். "இவள எதுல சேக்கறது? இன்னா பண்ணுவாங்க?"

"இன்னா பண்ணுவாங்க?" என்றாள் வெள்ளச்சி. குழந்தையைத் தூளியிலிருந்து எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். "கோட்டுக்குக் கீழ இருக்கற புள்ளைக்குத்தான் ஜாஸ்தி குடுக்கணும். ரூல்ஸே அதுதான். தெனம் ஒரு பங்கு கூட. கோட்ட தாண்டற வரைக்கும் குடுக்கணும். எழுதிக்க, டீச்சர்."

செவ்வந்தி எழுதினாள். வெள்ளச்சி கிண்ணத்தை எடுத்து ஒரு கரண்டி கஞ்சி ஊற்றினாள். அதன் மேல் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

வெளியே மாதன் விறகை இறக்கிப் போட்டான். அடுக்கினான். சரியாக அடுக்கியாயிற்று என்று தெரிந்தும், பிரித்துப் போட்டு மறுபடியும் அடுக்கிக்கொண்டிருந்தான்.